மருந்துக்குச் சாகாதவை

தேநீருக்கு நன்றி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான். ஆனால் இன்னொருவர் கலந்து கொடுக்கும் தேநீரில் குறை சொல்லும் நிலையில் நான் இல்லை. நானே கலந்து, நானே குடித்து, டம்ளரையும் நானே கழுவிக் கவிழ்த்து வைக்கிற ஆள். அப்படிப்பட்டவனுக்கு யார் கையால் எது கிடைத்தாலும் ருசிதான்.

நீங்கள் கேட்டதை முதலிலிருந்து சொல்கிறேன். சுற்றி வளைக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அண்ணி இறந்த நாளை மட்டும் தனியாகப் பிய்த்துச் சொன்னால் என்னை ஏதோ கொலைகாரன் என்று முடிவு கட்டிவிடுவீர்கள். முன்னால் நடந்ததும் தெரிந்தால் அப்படித் தோன்றாது.

நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். கடைக்கு மேலே மாடியில் ஒரே அறை, அதுதான் வீடு. முன்பக்கம் சிரித்துப் பேசி, முகத்தில் மாட்டி அழகு பார்ப்பது முதலாளியின் மருமகள். பின்பக்கம் சக்கரத்தின் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருப்பது நான். இந்த ஊரில் பாதிப் பேர் என் கை பட்ட கண்ணாடி வழியாகத்தான் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவரும் என்னைப் பார்த்ததில்லை. குறையாகச் சொல்லவில்லை, வேலை அப்படி. கூடப் பிறந்த அக்கா ஒருத்தி இருந்தாள், அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். கல்யாணத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டதில் அதுவாகவே கைக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. சாயங்காலம் கடையைச் சாத்தினால் மறுநாள் கடை திறக்கும்வரை என் குரலையே நான் கேட்கமாட்டேன். அதற்காகத்தான் தொட்டி வாங்கினேன். கடல் தண்ணீர்த் தொட்டி. மீன் பேருக்கு ஒன்றிரண்டு, மற்றதெல்லாம் பவளம்.

பவளம் என்றதும் கழுத்து மாலையை நினைத்துக்கொள்கிறீர்கள். உயிருள்ள பவளம் வேறு. பார்ப்பதற்குக் கல் மாதிரி இருக்கும், ஆனால் அந்தக் கல்லின் மேல் மெல்லிய சதை, சதை முழுக்கக் குட்டிக் குட்டி வாய்கள். வெளிச்சமும் தண்ணீர் ஓட்டமும் பிடித்திருந்தால் விரிந்துகொடுக்கும். பிடிக்காவிட்டால் சுருங்கிவிடும். என்ன பிடிக்கவில்லை என்று வாயைத் திறந்து சொல்லாது, நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கும் அதற்கும் ஒத்துப்போயிற்று.

டாக்டரை முதன்முதலில் பார்த்தது கடல் மீன் விற்கும் கடையில். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொஞ்சம் தண்ணீர், அதற்குள் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கிளைப் பவளம். கொம்பு கொம்பாகக் கிளைவிடும் ஜாதி அது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று தூக்கிக்கொண்டு ஓடிவந்த தகப்பன் மாதிரி அந்த டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நிறம் வெளுத்துக்கொண்டே போகிறது, காரணம் தெரியவில்லை என்றார். கடைக்காரருக்கும் தெரியவில்லை. "இவர்கிட்ட காட்டுங்க, லென்ஸ் தேய்க்கிறவரு, கண்ணு கூர்மை" என்று என்னைக் கை காட்டினார். நான் சட்டைப் பையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் இடுக்கிக்கொண்டேன். கிளையின் அடிப்பக்கம் வட்ட வட்டமாகச் சதை கரண்டிய தழும்பு. கடித்தது எதுவோ அது கண்ணில் படவில்லை.

"தொட்டியப் பாக்கணும்" என்றேன்.

"இப்பவே வர்றீங்களா?" என்றார். என்னை யாரும் அப்படிக் கேட்டு வெகுகாலமாகியிருந்தது.

அவர் பல் டாக்டர். வீட்டு முன்னறையிலேயே ஆஸ்பத்திரி வைத்திருந்து, வயதானதும் மூடிவிட்டார். பெரிய நாற்காலியை விற்றுவிட்டார், கருவிகளை விற்க மட்டும் மனம் வரவில்லை. நாற்காலி இருந்த இடத்தில்தான் தொட்டி. அது அவருடையதல்ல, மகனுடையது. வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போகிறபோது, "சாகவிடாம பாத்துக்குங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். பெற்றவர்களுக்கு அது போதாதா? தொட்டியில் ஒரு கிளை வெளுத்தால் மகனுக்கே காய்ச்சல் கண்ட மாதிரி இரண்டு பேரும் பதறினார்கள்.

முதல் நாளே அவர் மனைவியை நான் அண்ணி என்று கூப்பிட்டுவிட்டேன். அந்தக் கணக்குப்படி டாக்டரை அண்ணன் என்று கூப்பிட வேண்டும். வாய் வரவில்லை, அவர் டாக்டராகவே இருந்துவிட்டார். முன்னறையை ஒட்டிச் சமையலறை. அந்தச் சமையலறை ஜன்னல் எந்நேரமும் திறந்தே கிடக்கும். சாரல் அடித்தாலும் அண்ணி ஒரு துணியை எடுத்துத் துடைப்பாரே ஒழிய ஜன்னலைச் சாத்தமாட்டார். "சாத்தினா எனக்கு மூச்சு முட்டும் தம்பி" என்பார். பக்கத்து வீட்டுக்காரியோடு பேச்சுவார்த்தை முழுக்க அதன் வழியாகத்தான்.

அன்று தேநீருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டார். எவ்வளவு போட்டாலும் சரி என்றேன்.

"இது என்ன பதில்? நாக்குன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார்.

அரைக் கரண்டி என்றேன். அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் கேட்கவில்லை, ஒருநாளும் பிசகவில்லை. ஒருவனுடைய சர்க்கரை அளவை ஞாபகம் வைத்துக்கொள்வது எவ்வளவு பெரிய காரியம் என்பது அதைச் செய்கிறவர்களுக்குத் தெரிவதில்லை.

தொட்டியின் மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். டாக்டரிடமிருந்து ஊசியில்லாத ஒரு சிரிஞ்சை வாங்கி, தண்ணீரை இழுத்து, வெளுத்த கிளையின் மேல் வேகமாகப் பீச்சினேன். கிளையின் தோலே உரிந்து வருகிற மாதிரி ஒரு மெல்லிய துண்டு பிரிந்து தண்ணீரில் மிதந்தது. பிறகு இன்னொன்று. அள்ளி ஒரு கிண்ணத்தில் விட்டு அண்ணியிடம் பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். அந்தத் துண்டு சுருண்டு, நிமிர்ந்து, கிண்ணத்தின் சுவரில் ஏறத் தொடங்கியது.

"இது நம்ம வீட்டுக்குள்ளயா இருந்துச்சு" என்றார் அண்ணி. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

தட்டைப்புழு. அரிசிமணி நீளம்கூட இருக்காது. எந்தப் பவளத்தைத் தின்கிறதோ அதன் நிறமே அதற்கும் வந்துவிடும். அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் தெரியாது. கடித்த தழும்பைப் பார்த்துத்தான் இருக்கிறது என்று ஊகிக்க வேண்டும். இதற்கு வைத்தியம் உண்டு. பவளத்தை ஒவ்வொன்றாக எடுத்து மருந்து கலந்த தண்ணீரில் முக்கி ஆட்ட வேண்டும், புழு மயங்கி உதிர்ந்துவிடும். பிறகு நல்ல தண்ணீரில் அலசித் திருப்பி வைக்க வேண்டும். ஒரே ஒரு சிக்கல், முட்டை. கிளையின் அடியில், சதை செத்த இடத்தில், பழுப்பாகப் பொட்டுப் பொட்டாக ஒட்டி வைத்திருக்கும். எந்த மருந்துக்கும் அது சாகாது. சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கண்ணுக்குத் தப்பியது பொரிக்கும் என்பதால் வாராவாரம் திரும்ப முக்க வேண்டும்.

"வாராவாரமா" என்றார் டாக்டர்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு லீவுதான்" என்றேன்.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கிடைத்தது. சும்மா சொல்லக்கூடாது, டாக்டர் கைகாரர். பல்லின் பின்பக்கத்தைப் பார்க்கிற குட்டிக் கண்ணாடி இருக்கிறதே, நீளக் காம்பு வைத்தது, அதைத் தொட்டிக்குள் விட்டுக் கிளையின் அடியைப் பார்ப்பார். "பின்பக்கம் யாரும் பாக்கறதில்ல, சொத்தை அங்கதான் ஆரம்பிக்கும்" என்பார். பல் சுரண்டும் கொக்கியால் அவர் முட்டையைச் சுரண்டுகிற நேர்த்தி எனக்கு வராது. அண்ணி மூன்று வாளியையும் வரிசையாக வைத்துவிட்டு, யார் யார் வீட்டில் என்ன விசேஷம் என்று ஜன்னல் வழியாகக் கேட்டதை எங்களுக்கு ஒப்பிப்பார். வேலை முடிந்ததும், "கை கழுவிட்டு வாங்க தம்பி, தட்டு போட்டாச்சு" என்பார். எனக்கென்று நீலக்கோடு போட்ட ஒரு கோப்பை வந்தது. கதவுக்குப் பக்கத்தில் இருந்த பிரம்பு நாற்காலியில் வேறு யாரும் உட்காருவதில்லை. திங்கட்கிழமை சக்கரத்தின் முன்னால் உட்காரும்போதே அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன சட்டை என்று யோசித்துக்கொண்டிருப்பேன். சிரிப்பீர்கள். எனக்கே சிரிப்பு வந்தது.

ஆனால் ஒழுங்காகச் செய்த வைத்தியம் ஒருநாள் பலித்துத்தானே ஆக வேண்டும். பலித்துவிட்டது. வரிசையாகப் பல வாரம் ஒரு புழுகூட உதிரவில்லை. கிளைகள் நிறம் ஏறி நின்றன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது இருவரும் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னைக்கு எதுக்கு தம்பி முக்கணும்? அதான் சரியாயிடுச்சே" என்றார் அண்ணி. செருப்பை மாட்டிக்கொண்டே, "இனிமே வேலை வெச்சுக்கிட்டுத்தான் வரணும்னு இல்ல, சும்மா வாங்க" என்றார்.

சும்மா வாங்க என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது சொல்கிற வார்த்தை அது. அதை நம்பிப் போய் நின்றால், என்ன விஷயம் என்ற பார்வை முகத்தில் ஓடிவிட்டுத்தான் சிரிப்பு வரும். எனக்கு அது தெரியும். அடுத்து வந்த ஞாயிறு என் அறையிலேயே இருந்தேன். அதற்கடுத்த ஞாயிறும். ஒரே சட்டையை இரண்டு தடவை தேய்த்து மடித்து வைத்தேன்.

பிறகு ஒரு வேலை செய்தேன். கடைசியாக உதிர்ந்த புழுக்களில் சிலவற்றை நான் கொல்லாமல் டப்பாவில் போட்டு எடுத்து வந்திருந்தேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது, பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றுதான். என் தொட்டியிலிருந்து ஒரு கிளையை ஒடித்து, ஒரு கண்ணாடி ஜாடியில் வைத்து, அவற்றை அதில் விட்டிருந்தேன். நன்றாகத் தின்றன, முட்டை வைத்தன. நான் அந்தக் கிளையின் அடித்துண்டை வெட்டி, வேறொரு நல்ல கிளையோடு பசை போட்டு ஒட்டி, அண்ணிக்கு அன்பளிப்பு என்று எடுத்துக்கொண்டு போனேன். ஊதா நிறம், அழகான துண்டு. "எதுக்கு தம்பி இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே அண்ணி அதைத் தொட்டியின் நடுவில், எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்தார். அவருடைய சந்தோஷத்தைப் பார்த்தபோது நான் தப்பாக எதுவும் செய்யவில்லை என்றுதான் தோன்றியது.

சில வாரத்தில் தொலைபேசி வந்தது. "தம்பி, திரும்ப வெளுக்குது." மறுபடி வாளிகள், கொக்கி, நீலக்கோடு கோப்பை.

அதன் பிறகு நான் கவனமாக இருந்தேன். ஒரேயடியாகக் கெட்டுப்போகவும் கூடாது, ஒரேயடியாகத் தேறிவிடவும் கூடாது. டாக்டர் சுரண்டிய இடத்தை, "நான் ஒரு தடவ பாத்துடறேன்" என்று வாங்கிப் பார்ப்பேன். ஒரு பொட்டை மட்டும் விட்டுவைப்பேன். அது போதும். எல்லாம் தீர்ந்துவிட்டால் ஜாடியிலிருந்து கொண்டுபோவேன். ஜாடிக்குத் தீனி வேண்டுமே, என் தொட்டிப் பவளங்களை ஒவ்வொன்றாக ஒடித்துப் போட்டேன். என் தொட்டியில் கடைசியில் வெறும் கல்லும் தண்ணீரும்தான் மிஞ்சின. அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. அவை என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை.

டாக்டருக்கு ஒரு தடவை சந்தேகம் தட்டியது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, புதுசா வெச்ச துண்டுலதான் முதல்ல வருது, கவனிச்சீங்களா" என்றார். புதுச் சதை இளசு, புழுவுக்கு அதுதான் பிடிக்கும் என்றேன். தலையை ஆட்டினார். எந்தப் பொய்யையும் நம்புகிற மனுஷன் அல்ல அவர், என்னை நம்பினார்.

அண்ணிதான் சோர்ந்துபோனார். "என் பையன் வெச்சுட்டுப் போனத ஒண்ணொண்ணா சாகக் குடுத்துட்டு இருக்கேன்" என்று ஒருநாள் வாளிக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த வாரமே, புழு சீண்டாத பவளம் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கல்லோடு ஒட்டிப் படரும் ஜாதி, வட்ட வட்டமாக, நடுவில் பச்சை, விளிம்பில் பழுப்பு. அண்ணி அதற்குப் பட்டன் பூ என்று பெயர் வைத்தார். தினமும் காலையில் அதன் முன்னால் நின்று எத்தனை பட்டன் விரிந்திருக்கிறது என்று பார்ப்பாராம்.

அந்தப் பட்டன் பூவில் விஷம் உண்டு. இது எனக்குத் தெரியுமா என்று நீங்கள் முதலிலேயே கேட்டீர்கள். தெரியும். என் தொட்டியிலிருந்து அதை வெட்டி எடுக்கும்போது விரலில் கீறல் பட்டு, வாயெல்லாம் கசந்து, நெஞ்சை அடைத்துக் காய்ச்சலாகப் படுத்துவிட்டேன். தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட ஆள் இல்லாமல் கிடந்து எழுந்தேன். கடைக்காரரிடம் சொன்னபோது, கீறலோடு போனதே உங்கள் அதிர்ஷ்டம், சூடு மட்டும் காட்டிவிடாதீர்கள், ஆவியே ஆளை அடித்துவிடும் என்றார். அண்ணியிடம் கொடுக்கும்போது கையுறை போட்டுத்தான் தொட வேண்டும் என்று சொன்னேன். அதைச் சொன்னேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சூட்டைப் பற்றிச் சொல்லவில்லை. வீட்டில் வளர்க்கிற பவளத்தை அடுப்பில் ஏற்றுவார்கள் என்று யார் நினைப்பார்கள்?

பிறகு அந்த வாரம் வந்தது. கடல் மீன் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் ஓர் ஓரத்தைக் காட்டினார். டாக்டர் வீட்டுப் பவளங்கள் தனித் தொட்டியில் வரிசையாக இருந்தன.

"மகன் கூப்பிட்டுட்டானாம், ரெண்டு பேரும் அங்கயே போறாங்களாம். தொட்டியக் கலைக்கறாங்க. உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியும் என்றேன். வேறு என்ன சொல்வது? என் நாற்காலி இருக்கிற வீட்டைப் பற்றி அந்த ஆள் வாயால் எனக்குச் செய்தி வருகிறது. அறைக்கு வந்து ஜாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபம் என்று சொல்லமாட்டேன். பிரிந்து போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான். அக்காவும் சொல்லிக்கொள்ளாமல்தான் போனாள்.

மறுநாள் முற்பகல் கடையில் இருக்கும்போது அண்ணியிடமிருந்து தொலைபேசி. முதலாளியின் மருமகள் பின்பக்கம் எட்டிப் பார்த்து, "உங்களுக்குப் போன்" என்றாள், அவளுக்கே ஆச்சரியம். அண்ணியின் குரலில் ஏதோ உற்சாகம். அது என்னைச் சுட்டது.

"தம்பி, தொட்டியில இருந்த கல்லு எல்லாம் வெளிய எடுத்து வெச்சிருக்கோம். நீங்கதான் சொல்வீங்கல்ல, முட்டை எந்த மருந்துக்கும் சாகாதுன்னு. அதனால கொதிக்க வெச்சே எடுத்துடலாம்ங்கறாரு இவரு. அவரு பழக்கம் தெரியும்ல, பல்லு பிடுங்கற கொறட்டக்கூட அவிச்சுத்தான் எடுப்பாரு. குடுக்கறப்ப சுத்தமா குடுக்கணும்ல?"

யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

"நீங்க குடுத்த பட்டன் பூவு மட்டும் கல்லோட கல்லா ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது. அத மட்டும் விட்டுடவா? பாவமா இருக்கு" என்றார்.

இந்த இடத்தில் நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறீர்கள். என் முகம் அப்போதும் இப்படித்தான் இருந்தது. யோசித்துத்தான் பேசினேன். கொஞ்சம் காய்ச்சல் வரும், நெஞ்சு அடைக்கும், படுத்து எழுந்திருப்பார்கள். எனக்கு வந்தது போல. பயணம் தள்ளிப்போகும். இரண்டு பேரும் படுத்துவிட்டால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். எனக்கு யாரும் இல்லை, அவர்களுக்கு நான் இருப்பேன். அவ்வளவுதான் என் கணக்கு. இதில் கெட்ட எண்ணம் எங்கே இருக்கிறது என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

"அதையும் போட்டுடுங்க அண்ணி. அதுலயும் முட்டை இருக்கும்" என்றேன்.

"சரி தம்பி" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியது.

"நாத்தம் அடிக்கும். ஜன்னலச் சாத்திக்குங்க, பக்கத்து வீட்டுக்குப் போகும்" என்றேன்.

"சரி, சாத்திக்கறேன் தம்பி. ஞாயித்துக்கிழமை கட்டாயம் வாங்க, ஒரு விஷயம் சொல்லணும்" என்று வைத்துவிட்டார்.

திரும்பி வந்து சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தேன். அன்று நான் தேய்த்த லென்ஸ் எதுவும் எள்ளளவும் பிசகவில்லை, முதலாளியைக் கேட்டுப் பாருங்கள்.

பக்கத்து வீட்டுக்காரிதான் கண்டுபிடித்தார். அண்ணியின் ஜன்னல் சாத்தியிருக்கிறதே என்று பார்த்துச் சந்தேகப்பட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். டாக்டர் முன்னறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவர், தரையில் கிடந்தார். அண்ணி அடுப்புக்குப் பக்கத்தில். டாக்டர் பிழைத்துக்கொண்டார். அண்ணி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த பிறகு மறுநாள் விடியும்வரைகூடத் தாங்கவில்லை. கெட்டுப்போன கல்லிலிருந்து கிளம்பிய விஷவாயு, விபத்து என்று எழுதினார்கள். நான் அழுதேன். அது நடிப்பு இல்லை. என் சர்க்கரை அளவு தெரிந்த ஒரே ஆள் போய்விட்டார்.

மகனுக்கு உடனே கிளம்ப முடியவில்லை, பயணச்சீட்டு கிடைக்கவில்லை. அதுவரை டாக்டர் பக்கத்தில் நான் இருந்தேன். கடைக்கு விடுப்பு சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டினேன், முகம் துடைத்துவிட்டேன். நர்ஸ் என்னை அவருடைய தம்பி என்று நினைத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை, அவரும் திருத்தவில்லை. உண்மையைச் சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல நாட்கள் வேறு இல்லை.

ஒரு சாயங்காலம் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அந்தக் கல்லெல்லாம், கடையில விட்டு வெச்ச பவளமெல்லாம் யாருக்குன்னு நெனச்சீங்க? உங்களுக்குத்தான். தொட்டி, வீட்டுச் சாவி, எல்லாத்தையும் உங்ககிட்ட விட்டுட்டுப் போகணும்னா அவ. அந்தத் தம்பி தனியா ஒரு அறையில கெடக்கறாரு, இங்க வந்து இருக்கட்டும், பூச்சி தொல்லை இல்லாம நிம்மதியா வெச்சுக்கட்டும்னா. ஞாயித்துக்கிழமை நீங்க சாப்பிட உக்காரும்போது சொல்லணும்னு வெச்சிருந்தா. நான்கூட முன்னாடியே சொல்லிடக் கூடாதுன்னு கட்டளை."

நான் அவர் போர்வையைச் சரி செய்தேன். வேறு என்ன செய்ய முடியும்? அண்ணி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முன்னாலேயே சொல்லியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. இப்படிப்பட்ட விஷயத்தை ஒளித்து வைத்து ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று நினைத்தது அவருடைய தவறு. நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை. இருந்தாலும் அது அவருடைய தவறுதான்.

மகன் வந்தான். என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். "நாங்க இல்லாதப்ப நீங்கதான் அவங்களுக்குப் பிள்ளையா இருந்தீங்க" என்றான். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். சாவி பேச்சு வரவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ ஜன்னலச் சாத்தவே மாட்டாளே தம்பி, அன்னைக்கு மட்டும் ஏன் சாத்தினா" என்று கேட்டார். எனக்கும் புரியவில்லை டாக்டர் என்றேன். அங்கே போய் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அண்ணி தொலைபேசியில், சாத்திக்கறேன் தம்பி என்று சொன்னது பெட்டி கட்டிக்கொண்டிருந்த அவர் காதிலும் விழுந்திருக்கிறது, காய்ச்சல் தெளிந்த பிறகுதான் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது. பின்பக்கத்தைப் பார்க்கிற ஆளாயிற்றே அவர். அங்கிருந்தே உங்களுக்குச் சொல்லியிருக்கிறார். நீங்களும் என்னைத் தேடி மாடி ஏறி வந்தீர்கள். என் அறைக் கதவை வேறொருவர் தட்டிய சத்தம் எனக்குப் பழக்கமே இல்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு, தேய்த்து மடித்து வைத்திருந்த அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தேன்.

ஜாடியையும் எடுத்து வந்திருக்கிறீர்கள், நல்லது. அதை வெயிலில் வைக்காதீர்கள். உள்ளே இருப்பது கடைசிக் கிளை, கொஞ்ச நாள்தான் தாங்கும்.

ஆக, புழுவைக் கொண்டுபோய் விட்டது நான். முட்டையைச் சுரண்டாமல் விட்டதும் நான். விஷம் இருக்கிற கல்லைக் கொதிக்கும் பானையில் போடச் சொன்னது நான், ஜன்னலைச் சாத்தச் சொன்னதும் நான். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். நீங்கள் இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டீர்கள், இடையில் ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அண்ணிக்கு அடுத்து இப்படிக் கேட்டது நீங்கள்தான்.

ஜன்னலைச் சாத்தச் சொன்னது எதற்காக, உண்மையைச் சொல் என்று மறுபடியும் கேட்கிறீர்கள். பக்கத்து வீட்டுக்கு நாற்றம் போகுமே என்று சொன்னதை நீங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. சரி. அந்த ஒரு கேள்வியை மட்டும் இன்றைக்கு அப்படியே விட்டுவைப்போம். பதில் என்னிடம் இருக்கிறது, எங்கேயும் போய்விடாது. அதைச் சொல்லாதவரைக்கும் நீங்கள் என்னைத் திரும்பக் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும்.

நாளைக்குத் தேநீரில் சர்க்கரை அரைக் கரண்டி போதும்.